தேநீரும் சிராக்கோக் காற்றும்

சிகந்தராபாத் இரயிலடியை விட்டு வெளியே வருவோரை முதலில் எதிர்கொள்வது தேநீர் மணமே. வாடியிலிருந்து இருப்புப்பாதை இங்கு வந்து சேர்ந்தது 1874-இல். தென்மத்திய இரயில்வேக்கு இந்நகர் தலைமையிடமானது 1966-இல். அவ்வுத்தியோகத்தை நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல. வீட்டில் நமக்குக் காப்பிதான். ஆயினும் மூடிய பாத்திரத்தில் மெல்ல ஊறிய சாயமும், தனியே சுண்டக் காய்ந்த பாலும் கலந்த ஈரானியத் தேநீரை யார்தான் வேண்டாம் என்பர்?

அந்தத் தேயிலைத்தூளுக்குப் பின்னால் ஒரு காற்றாடிக் கம்பெனியின் வரலாறு மறைந்திருக்கிறது.

சாமுவேல் கிளீலண்ட் டேவிட்சன் என்னும் அயர்லாந்து இளைஞர் 1864-இல் அஸ்ஸாம் பக்கத்துக் கச்சாருக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தார். அக்காலத்தில் உருட்டிப் புளிக்கவைத்த கொழுந்தைக் கரியடுப்பின்மேல் தட்டுத் தட்டாகப் பரப்பிக் கையால் புரட்டி உலர்த்துவர். புகையும் வெக்கையும் தொழிலாளர் தலையில். கொஞ்சம் அசந்தால் இலை கருகும். டேவிட்சன் அறிவாளர்தாம், ஐயமில்லை. ஆயினும் அவருக்குப் பாடம் கற்பித்தவை அவ்வடுப்படியில் நின்ற கூலிகளின் கைகளே என்பது நம் கருத்து.

சூடான காற்றை இலையினூடே செலுத்தி உலர்த்தும் இயந்திரத்தை அவர் அமைத்தார். 1881-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் தொழிற்சாலை தொடங்கி, சகாராவிலிருந்து வீசும் வெங்காற்றின் பெயரான 'சிராக்கோ' என்பதையே அதற்குச் சூட்டினார். நம் ஹைதராபாத்துச் சித்திரை வெயிலை அறிந்தவர்க்கு அப்பெயரின் பொருத்தத்தை விளக்க வேண்டுவதில்லை.

காற்றைத் தள்ள நல்ல விசிறி வேண்டுமே! அகன்ற இறக்கை சிலவற்றுக்குப் பதில், குறுகிய தகடுகள் பலவற்றை உருளையின் விளிம்பில் முன்புறம் வளைத்துப் பொருத்தினார். காற்று நடுவே புகுந்து விளிம்பு வழியே வீசியெறியப்படும். சிறிய சக்கரம், பெருங்காற்று! 1898-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். சுரங்கங்களுக்கும் கப்பல்களுக்கும் இவ்விசிறிகள் சென்றன. 1921-இல் டேவிட்சன் மறைந்தார்; கம்பெனி பிற்காலத்தில் ஹவ்டன் குழுமத்தைச் சேர்ந்தது; பெல்ஃபாஸ்ட் ஆலை இன்றில்லை. சக்கரம் மட்டும் இருக்கிறது. மோட்டார்காரில் குளிர்சாதனத்தைத் திருப்பினால் முகப்புப் பலகைக்குள் சுழல்வது அவ்வகைச் சக்கரமே.

இலங்கையிலும் தென்னிந்திய மலைகளிலும் தேயிலை ஆலைகள் பலவற்றில் சிராக்கோ அடுப்புகள் எரிந்தன. விறகு தள்ளியவரும் தூள் சலித்தவரும் பெரும்பாலும் நம்மவர். 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின் இலங்கையிலிருந்து திரும்பியோரில் அவ்வேலை தெரிந்தவர்களும் இருந்தனர். இயந்திரத்தின் பெயர்த்தகட்டில் கம்பெனியின் பெயர் உண்டு. இவர்கள் பெயருக்கு அங்கு இடமில்லை. நம் சங்கக் குடும்பங்களில் ஹட்டனிலோ குன்னூரிலோ வால்பாறையிலோ தேயிலை ஆலையில் உழைத்த முதியோர் இருப்பின், அவர்கள் சொல்லக் கேட்டு, ஊரும் ஆண்டும் பெயரும் விடாமல் எழுதி இவ்விதழுக்கு அனுப்ப வேண்டுகிறோம்.