ஒரே வீட்டில் மூன்று கட்டை விரல்கள்: நகம் சதைக்குள் வளர்ந்தால் வீட்டு வைத்தியம் எதுவரை?

காய்ச்சல் என்றால் லீவு கேட்கலாம். பல்வலி என்றால் வீங்கிய கன்னத்தைக் காட்டலாம். ஆனால், 'கால் கட்டை விரல்ல நகம் குத்துது' என்று சொல்லி யாராவது லீவு கேட்க முடியுமா? கேட்டால் சிரிப்பார்கள். அதனாலேயே இந்த வலியைப் பலர் வெளியே சொல்வதில்லை. ஒரு பிளேடு, ஒரு துண்டு மஞ்சள், ரெண்டு மாத்திரை என்று வீட்டுக்குள்ளேயே முடித்துக்கொள்ளப் பார்க்கிறார்கள்.

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கும் 38 வயதுப் பெண்ணும் அப்படித்தான் செய்தார். அவர் வீட்டில் ஒரே வருடத்துக்குள் மூன்று பேருக்குக் கட்டை விரலில் பிரச்னை வந்தது. முதலில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு, பிறகு அவருக்கு, கடைசியில் மாமனாருக்கு. ஒன்று வீட்டிலேயே சரியானது. இன்னொன்றுக்கு டாக்டர் தேவைப்பட்டார். மூன்றாவதை வீட்டில் யாரும் தொட்டிருக்கவே கூடாது.

மகளுக்கு வீட்டிலேயே சரியானது எப்படி?

ஜூன் மாதம் பள்ளி திறந்த இரண்டாவது வாரம். போன வருட ஷூவையே மகள் போட்டுக்கொண்டிருந்தாள். கால் வளர்ந்திருந்தது, ஷூ வளரவில்லை. கட்டை விரல் நகத்தின் ஓரம் சிவந்து, தொட்டாலே 'ஸ்ஸ்' என்றாள். சீழ் இல்லை. லேசான வீக்கம் மட்டும்.

பக்கத்து வீட்டில் நர்ஸாக இருக்கும் அக்கா ஒரு வழி சொன்னார். காலை, மாலை, இரவு மூன்று வேளையும் வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் உப்பு போட்டு 15 நிமிடம் காலை வைக்க வேண்டும். பிறகு ஈரம் போகத் துடைத்து, சதையை நகத்தின் ஓரத்திலிருந்து மெதுவாக விலக்கிவிட வேண்டும். திரி மாதிரி உருட்டிய சின்னப் பஞ்சை நகத்தின் மூலைக்கு அடியில் வைத்து, தினமும் மாற்ற வேண்டும். நகம் சதைக்கு மேலே ஏறி வளர இது வழிவிடும். நகத்தை மட்டும் வெட்டவே கூடாது. ஷூவும் கூடாது.

வகுப்பு ஆசிரியைக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார் அம்மா. இரண்டு வாரம் செருப்போடு பள்ளிக்குப் போக அனுமதி கிடைத்தது. மூன்றாவது வாரம் வலி போய்விட்டது. ஒரு சைஸ் பெரிய ஷூ வாங்கினார்கள். அதோடு முடிந்தது.

'இவ்வளவுதானா!' என்று வீட்டில் எல்லோருக்கும் தோன்றியது. அந்தத் தைரியம்தான் அடுத்து வினையானது.

நகச்சுத்தா, நகம் குத்துகிறதா?

தீபாவளிக்கு ஐந்து வாரம் இருந்தபோது அவருக்கே வலது கால் கட்டை விரலில் வலி ஆரம்பித்தது. கடையில் யூனிஃபார்ம் சேலையும் முன்பக்கம் குறுகிய கறுப்பு கட் ஷூவும் கட்டாயம். காலை ஒன்பதரை மணிக்கு நின்றால் இரவு ஒன்பது மணி வரை நிற்க வேண்டும். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே வந்துவிட்டது. அவர் பிரிவிலும் ஸ்டூல் இருக்கிறது. தீபாவளிக் கூட்டத்தில் அதில் உட்கார யாருக்கு நேரம்?

"நகச்சுத்துதாம்மா. எலுமிச்சம்பழத்துல ஓட்டை போட்டுச் செருகிக்க. ரெண்டு நாள்ல சரியாப் போயிரும்" என்றார் மாமியார். கால் கட்டை விரலுக்கு எந்த எலுமிச்சம்பழமும் பத்தவில்லை. எனவே, சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பத்துப் போட்டார்கள்.

இங்கேதான் பல வீடுகளில் குழப்பம். நகச்சுத்து என்பது நகத்தைச் சுற்றியுள்ள தோலில் கிருமி புகுந்து வீங்குவது. நகம் சதைக்குள் வளர்வது வேறு. இதில் நகத்தின் ஓரமே முள்ளாகிப் பக்கத்துச் சதையைக் குத்துகிறது. குத்திய இடத்தில் கிருமி புகுந்தால் சீழ் பிடிக்கும். அப்போது பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால், முள் உள்ளே இருக்கும்வரை மேலே எதைத் தடவினாலும் தற்காலிக நிம்மதிதான். ஏற்கெனவே புண்ணான சதையில் சுண்ணாம்பு வைத்தால், அதன் காரம் தோலைப் பொசுக்கிப் புண்ணைப் பெரிதாக்கவும் செய்யும்.

பிளேடு கொடுத்த இரண்டு நாள் நிம்மதி

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, கணவரின் ஷேவிங் பிளேடை எடுத்து நகத்தின் மூலையை ஆழமாகச் சாய்த்து வெட்டினார். வெட்டிய உடனே வலி பாதியாகக் குறைந்தது. இரண்டு நாள் சிரித்த முகத்தோடு சேலை விரித்தார்.

மூன்றாவது நாள் வலி திரும்பியது, முன்பைவிட மோசமாக. காரணம் எளிது. மூலையைச் சாய்த்து வெட்டும்போது, கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் நகத்தின் ஒரு சின்னக் கூர் மிச்சமாகிவிடும். மேலே நகம் இல்லாததால் பக்கத்துச் சதை அந்த இடத்தை மூடிக்கொள்ளும். அடியிலிருந்து நகம் வளர வளர, அந்தக் கூர் நேராகச் சதைக்குள் இறங்கும். வெட்ட வெட்ட வலி குறைவதும், வளர வளர வலி கூடுவதும் இதனால்தான். பலர் வருடக்கணக்கில் இந்தச் சுழலில் இருக்கிறார்கள்.

அடுத்து மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஆன்டிபயாட்டிக் மாத்திரை வாங்கினார். மூன்று நாள் போட்டுவிட்டு நிறுத்தினார். சீழ் கொஞ்சம் வற்றியது. பிறகு மறுபடி வந்தது. நகத்தின் ஓரத்தில் சிவப்பாக, ஈரமாக, தொட்டால் ரத்தம் கசியும் ஒரு சதை முளைத்தது. ஆறாத புண்ணை மூட உடம்பு செய்யும் முயற்சி அது. அந்தக் கட்டம் வந்துவிட்டால் வெந்நீரும் பஞ்சும் போதாது.

மகளுக்குச் சரியானது அவருக்கு ஏன் சரியாகவில்லை? யோசித்துப் பார்த்தால் இருவருக்கும் நடந்தது ஒரே வைத்தியமே இல்லை. மகள் நகத்தை வெட்டவில்லை, ஷூவைக் கழற்றினாள், மூன்று வேளை நீரில் கால் வைத்தாள். அம்மா நகத்தை வெட்டினார், பன்னிரண்டு மணி நேரம் ஷூவுக்குள் நின்றார், வெந்நீர் வைக்க அவருக்கு நேரமே இல்லை. வீட்டு வைத்தியத்தில் முக்கியமான மருந்து உப்போ மஞ்சளோ அல்ல. காலுக்குக் கிடைக்கும் ஓய்வு. அது எல்லா வேலையிலும் கிடைப்பதில்லை.

தீபாவளி முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். கடைசி வாரம் நொண்டிக்கொண்டே இரண்டு நாள் லீவு போட வேண்டியதாயிற்று. அந்த மாத இன்சென்டிவ் போனது. டாக்டரிடம் போக ஒருநாள் லீவு எடுக்கத் தயங்கியவர் இழந்தது அதைவிட அதிகம்.

யாரைப் போய்ப் பார்ப்பது?

அமெரிக்கா, இங்கிலாந்து போன்ற நாடுகளில் பாதத்துக்கென்றே 'போடியாட்ரிஸ்ட்' என்று தனி நிபுணர்கள் இருக்கிறார்கள். நம் ஊரில் அப்படிப் போர்டு மாட்டிய இடங்கள் மிகக் குறைவு. அதற்காகத் தேடி அலைய வேண்டாம். பொது அறுவை சிகிச்சை டாக்டர், அதாவது ஜெனரல் சர்ஜன், இதைப் பார்ப்பார். தோல் நோய் டாக்டரும் பார்ப்பார். சர்க்கரை நோயாளி என்றால் பாதப் பிரிவு உள்ள நீரிழிவு மருத்துவமனை நல்லது. அரசு மருத்துவமனையில் சர்ஜரி ஓ.பி-யில் சீட்டு போட்டாலே போதும்.

அவரும் அப்படித்தான் ஓர் அரசு மருத்துவமனைக்குப் போனார். "முள்ளை உள்ளேயே விட்டுட்டு மேல மருந்து தடவிட்டு இருந்திருக்கீங்க" என்றார் டாக்டர். 'விரலை எடுத்துருவாங்களோ' என்று பயந்து போனவருக்கு அந்த ஒரு வரி பெரிய ஆறுதல்.

ஒரு ஊசி, அரை மணி நேரம், ஒரு கட்டு

நகத்தையே முழுசாகப் பிடுங்குவார்கள் என்பதுதான் பலரின் பயம். பெரும்பாலும் அதற்குத் தேவை இருக்காது. விரலின் அடிப்பகுதியில் இரண்டு பக்கமும் மரத்துப்போகும் ஊசி போடுகிறார்கள். உண்மையைச் சொன்னால் அந்த ஊசிதான் வலிக்கும். விரல் மரத்த பிறகு, சதையைக் குத்தும் பக்கத்தில் மட்டும் நகத்தை நீளவாக்கில் ஒரு கீற்று வெட்டி வேரோடு எடுக்கிறார்கள். முளைத்திருக்கும் சதையையும் சுத்தம் செய்கிறார்கள்.

வெறுமனே நகத்தை எடுத்தால் அதே ஓரம் மறுபடி வளர்ந்து குத்தலாம். அதனால், அந்தக் கீற்று முளைக்கும் வேர்ப் பகுதியில் பீனால் என்ற ரசாயனத்தைத் தடவுகிறார்கள். அந்த ஓரத்தில் நகம் மறுபடி முளைக்கும் வாய்ப்பு இதனால் வெகுவாகக் குறைகிறது. கவனம்: இது பாத்ரூம் கழுவும் பினாயில் அல்ல. டாக்டர் அளந்து வைக்கும் அந்தத் திரவம் தோலையே எரிக்கக்கூடியது. வீட்டில் முயற்சி செய்யவே கூடாது.

மொத்தமே அரை மணி நேரம். அன்றே ஷேர் ஆட்டோவில் வீட்டுக்கு வந்துவிட்டார். முதல் இரண்டு நாள் காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்திருந்தார். சில வாரங்கள் லேசாக நீர் கசிந்தது. பீனால் வைத்த புண் ஆற அவ்வளவு நாளாகும், பயப்பட வேண்டியதில்லை. சொன்னபடி டிரெஸ்ஸிங் மாற்றினார். இப்போது அந்த நகம் பக்கத்துக் கால் நகத்தைவிடக் கொஞ்சம் ஒல்லி. அவ்வளவுதான் வித்தியாசம்.

வலியே இல்லாத கால்

டிரெஸ்ஸிங் மாற்றப் போன ஒருநாள், "வீட்ல யாருக்காவது சுகர் இருக்கா?" என்று டாக்டர் கேட்டார். மாமனாருக்கு 14 வருடமாக இருக்கிறது என்றார் இவர். "அவர் காலை இன்னிக்கே ஒருதடவை பாருங்க. அவர் சொல்றதைக் கேட்காதீங்க, நீங்களே பாருங்க."

அன்று மாலை மாமனார் காலை மடியில் வைத்துப் பார்த்தவருக்குத் திக்கென்றது. இடது கட்டை விரல் சிவந்து உருண்டிருந்தது. நகத்தின் ஓரத்தில் காய்ந்த சீழ். 'ஏன் மாமா சொல்லல?' என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "வலிச்சாத்தானம்மா சொல்லுவேன்."

சர்க்கரை நோய் நீண்ட காலம் இருந்தால் கால் நரம்புகள் உணர்ச்சியை இழக்கலாம். ரத்த ஓட்டமும் குறையலாம். மற்றவர்களைத் துடிக்க வைக்கும் அதே நகம் இவர்களைக் குத்தும்போது ஒன்றுமே தெரியாது. புண் ஆறாது. கிருமி எலும்பு வரை இறங்கலாம். விரலை, சில நேரம் காலையே எடுக்கும் நிலை இப்படித்தான் தொடங்குகிறது.

மறுநாளே அழைத்துப் போனார்கள். டாக்டர் முதலில் நகத்தைத் தொடவில்லை. பாதத்தில் விரல் வைத்து நாடித் துடிப்பைப் பார்த்தார். மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, 'தெரியுதா?' என்று கேட்டார். பல இடங்களில் பெரியவருக்குத் தெரியவில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்புக்குப் போகவில்லை. மருந்து, டிரெஸ்ஸிங், சர்க்கரைக் கட்டுப்பாடு எல்லாம் சேர்ந்து புண் ஆறச் சில வாரங்கள் ஆயின. இன்னும் பதினைந்து நாள் விட்டிருந்தால் கதை வேறு.

தமிழ்நாட்டில் சர்க்கரை நோயாளிகளின் கால்களைக் காக்க 'பாதம் பாதுகாப்போம்' என்று அரசுத் திட்டமே இருக்கிறது. மாத்திரை வாங்கப் போகும்போது பாதத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

எப்போது வீடு, எப்போது டாக்டர்?

சிவப்பு, லேசான வீக்கம், ஷூ போட்டால் மட்டும் வலி என்ற அளவில் இருந்தால் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். வெந்நீர், பஞ்சு, திறந்த செருப்பு. ஒரு வாரத்தில் குறையத் தொடங்க வேண்டும்.

ஒரு வாரமாகியும் குறையவில்லை, சீழ் வருகிறது, சதை முளைக்கிறது, அடிக்கடி திரும்ப வருகிறது என்றால் டாக்டரிடம் போங்கள். சிவப்பு பாதத்தை நோக்கிப் பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே போங்கள்.

சர்க்கரை நோய், காலில் ரத்த ஓட்டக் குறைவு, நோய் எதிர்ப்பு சக்தி குறைவு இருப்பவர்களுக்கு வீட்டு வைத்தியம் என்ற பேச்சே இல்லை.

வராமல் தடுப்பது இன்னும் எளிது. கால் நகத்தைக் குளித்த பிறகு, மெத்தென்று இருக்கும்போது நேராக வெட்டுங்கள். மூலைகளை வளைத்து உள்ளே இறக்க வேண்டாம். சதையோடு ஒட்ட வெட்டவும் வேண்டாம். நகத்தின் நடுவில் 'வி' வடிவில் வெட்டினால் ஓரங்கள் உள்நோக்கி இழுக்கப்படும் என்பது வெறும் நம்பிக்கை. நகம் வேரிலிருந்துதான் வளர்கிறது, நுனியில் போடும் வெட்டு அதற்குத் தெரியாது. ஷூ வாங்க மாலையில் போங்கள், நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் பெருத்திருக்கும். விரல்களை உள்ளே அசைக்க முடிந்தால்தான் அது உங்கள் சைஸ்.

இப்போது அந்த வீட்டில் ஞாயிறுதோறும் பேத்திதான் தாத்தாவின் பாதத்தைப் பார்க்கிறாள். விரல் இடுக்குகளை டார்ச் அடித்துப் பார்த்து, நகத்தை நேராக வெட்டிவிடுகிறாள். பெரியவருக்குக் கூச்சம்தான். ஆனாலும் காலை நீட்டிவிடுகிறார்.