முன்னெழுத்தில் ஒரு வீடு



பிழைப்பின் பொருட்டு நாம் மட்டாஞ்சேரிக்குக் குடிவந்த புதிதில், தேநீர்க் கடையில் சிறுவன் ஒருவன் முன்னாள் முதலமைச்சர் அச்சுதானந்தனை வெறுமனே 'வி.எஸ்.' என்று குறிப்பிடக் கேட்டுத் திகைத்தோம். நம் நாட்டில் தலைவர்களை அடைமொழியின்றிச் சொல்ல நாக் கூசும். காமராசர் பெருந்தலைவர், அண்ணாதுரை பேரறிஞர் அண்ணா, கருணாநிதி கலைஞர்.

நிலையத்தில் நம்முடன் பணியாற்றும் மூத்த மலையாள நண்பர் இதைக் கேட்டு நகைத்தார். "'வி' என்பது வேலிக்ககத்து என்னும் வீடு, 'எஸ்' என்பது சங்கரன் என்னும் தந்தை. அவருடைய சொந்தப் பெயரின் எழுத்து அதில் இல்லவே இல்லை. வீட்டையும் தந்தையையும் சொல்லி அழைப்பது மரியாதைக் குறைவாகுமோ?" என்றார். 1957-இல் கேரளத்தின் முதல் முதலமைச்சரான சங்கரன் நம்பூதிரிப்பாடும் மக்கள் நாவில் ஈ.எம்.எஸ். தான். ஏலங்குளம் மனையும் சங்கரனும் அதில் உண்டு. சாதிப் பட்டம் மட்டும் இல்லை.

எண்ணிப் பார்த்தால், மருதூர் கோபாலன் ராமச்சந்திரனை எம்.ஜி.ஆர். என்று அழைத்த நாமும் இம்முறைக்குப் புதியவர்கள் அல்லோம். மருதூர் அவரது குடும்பப் பெயரன்றோ?

சென்ற ஆண்டு நம் மகளைப் பள்ளியிற் சேர்க்கச் சென்றபோதுதான் இது நம்மைச் சுட்டது. விண்ணப்பத்தில் 'வீட்டுப்பெயர்' என்றொரு கட்டம் இருந்தது. நமக்கு அப்படியொன்று இல்லாமையால் வெறுமையாக விட்டோம். அங்கிருந்த எழுத்தர், "எதையாவது எழுதாமல் வாங்க இயலாது" என்று கூறி, முகவரியில் இருந்த வாடகை வீட்டின் பெயரைத் தாமே எழுதிக்கொண்டார். நாமும் வாய் திறவாது திரும்பினோம்.

மாலையில் அதனை அறிந்த நம் தந்தையார் சினந்தாரில்லை. "வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால், குழந்தையின் பெயரையும் காலி செய்வாயோ?" என்று மட்டும் கேட்டார். அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

அப்போது அண்ணாவின் முன்னெழுத்துகள் நினைவுக்கு வந்தன. சி.என். அண்ணாதுரை என்பதில் 'என்' நடராசன் என்னும் தந்தை. 'சி' காஞ்சிபுரம் என்னும் ஊர், அதாவது ஆங்கிலேயர் எழுதிய கான்ஜீவரம். வீட்டுப்பெயர் இல்லாதவனுக்கும் ஊர் உண்டே!

இருமுறை அலைந்து, தென்காசிப் பக்கத்து நம் சிற்றூரின் பெயரை அக்கட்டத்தில் எழுதுவித்தோம். அவ்வூரில் நமக்கு இன்று ஒரு சாண் நிலமும் இல்லை. ஆயினும் மகளின் ஏட்டு அட்டையில் அவ்வூரின் முதலெழுத்தைக் கண்ட தந்தையார், கண்ணாடியை அணிந்துகொண்டு அதனை இருமுறை படித்தார்.

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கும் இக்கட்டம் ஒரு நாள் எதிர்ப்படும். அதனை வெறுமையாக விடாதீர்கள். பிறர் கையால் எழுதவும் விடாதீர்கள்.