512 பெரிதா, 489 பெரிதா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்தால் எங்கள் பழவேற்காட்டுக் குப்பங்களில் முதலில் கேட்பது, "டோட்டல் எவ்வளவு?" என்றுதான். 500-ஐத் தாண்டினால் தெருவுக்கே மிட்டாய். தாண்டாவிட்டால் அன்றைக்கு அந்த வீட்டில் உலை வைக்கக்கூட மனம் வராது. ஆனால் கல்லூரி வாசலில் முதலில் கேட்பது அந்த டோட்டலை அல்ல. எந்த வாசலில் எந்தக் கணக்கு என்று பெற்றவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பள்ளியில் கணக்கு நடத்திய நாளிலும், ஓய்வுபெற்றுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் இப்போதும் நான் சொல்வது இதைத்தான்.

ஒரே தெருவில் இரண்டு பெண்கள். ஒருத்தி 600-க்கு 512, இன்னொருத்தி 489. 489 வாங்கியவளின் அம்மா மார்க் பட்டியலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்தார். "இவளை எங்க சார் சேர்ப்பாங்க, மீன் கம்பெனி வேலைக்குத்தான் அனுப்பணும்" என்றார். நான் பட்டியலை வாங்கிப் பார்த்தேன். தமிழ் 78, ஆங்கிலம் 66, கணிதம் 91, இயற்பியல் 84, வேதியியல் 88, கணினி அறிவியல் 82. பொறியியலுக்குக் கட்-ஆஃப் 200-க்குப் போடுவார்கள். கணிதம் அப்படியே நூற்றுக்கு. இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி. 91, 42, 44. கூட்டினால் 177. மற்றவளுக்குத் தமிழ் 95, ஆங்கிலம் 90, உயிரியல் 93. ஆனால் கணிதம் 72, இயற்பியல் 78, வேதியியல் 84. அவள் கட்-ஆஃப் 72, 39, 42 சேர்த்து 153. தெருவில் 23 மார்க் பின்னால் நின்றவள், பொறியியல் வரிசையில் 24 மார்க் முன்னால் நிற்கிறாள். அந்த அம்மாவையே கூட்டிப் பார்க்கச் சொன்னேன். விரல் விட்டு எண்ணி, மறுபடியும் எண்ணி, "நிஜமாவா சார்?" என்றார்.

அதற்காக 512 எடுத்தவள் தோற்றுவிட்டாள் என்று நினைத்துவிடக் கூடாது. அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளில் பெரும்பாலான படிப்புகளுக்கு மொழிப் பாடங்களை விட்டுவிட்டு மற்ற நான்கையும் 400-க்குப் பார்ப்பார்கள். பி.ஏ. தமிழ் என்றால் தமிழ் மார்க், பி.ஏ. ஆங்கிலம் என்றால் ஆங்கில மார்க். அங்கே 95-ம் 90-ம் லேசுப்பட்டதா? அவளிடம் உயிரியல் வேறு இருக்கிறது. பொன்னேரியிலேயே மீன்வளக் கல்லூரி இருக்கிறது. நாகப்பட்டினத்தில் 2012-ல் தொடங்கிய மீன்வளப் பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி அது. மீனவர் பிள்ளைகளுக்கென்று தனி ஒதுக்கீடும் உண்டு. ஏரிக்கரையில் பிறந்து, மடவைக்கும் கெண்டைக்கும் பேர் தெரிந்து வளர்ந்த பிள்ளைகள் பக்கத்து ஊரில் இருக்கிற அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிக்காமலே விடுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

கணக்கு காலத்துக்குக் காலம் மாறியும் வந்திருக்கிறது. 1984 முதல் தமிழ்நாட்டில் தொழிற்படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு இருந்தது. அதன் மார்க்கும் சேர்த்து 300-க்குக் கட்-ஆஃப். சென்னைக்குப் போய்க் கோச்சிங் படிக்க எங்கள் பிள்ளைகளுக்கு ஏது வசதி? 2006-ல் சட்டம் போட்டு அதை எடுத்த பிறகுதான் பிளஸ் டூ மார்க் மட்டுமே பேசியது. மருத்துவத்துக்கு 2017-லிருந்து நீட் வந்து நிற்கிறது. 2021-ல் கொரோனாவால் பொதுத் தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பில் அதிக மார்க் வாங்கிய மூன்று பாடங்களின் சராசரியிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன் எழுத்துத் தேர்விலிருந்து 20, பிளஸ் டூ செய்முறையும் அகமதிப்பீடும் 30 என்று கலந்து மார்க் போட்டார்கள். "பத்தாவது மார்க்கை யார் பார்க்கப் போறாங்க" என்று சொன்னவர்கள் அந்த வருஷம் வாயடைத்துப் போனார்கள்.

எங்கள் ஏரியில் பாடு முறை உண்டு. நல்ல இடம், சுமாரான இடம் என்று வலை போடும் இடங்களைப் பிரித்துச் சீட்டுப் போட்டு, உரிமையுள்ள தலைக்கட்டுகள் முறை வைத்துத் தொழில் செய்வார்கள். ஒருவனே நல்ல பாட்டை வளைத்துக்கொள்ள முடியாது. அந்த நியாயத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் அதில் பழகியவர்களுக்குப் பொறியியல் கவுன்சிலிங்கிலும் முறை தானாக வந்துவிடும் என்ற எண்ணம் இருக்கிறது. வராது. கட்-ஆஃப் சமமானால் முதலில் கணித மார்க், அதுவும் சமமானால் இயற்பியல் மார்க் என்று பார்த்துக்கொண்டே போய், எல்லாம் சமமானால்தான் குலுக்கல் போல வரும் சமவாய்ப்பு எண். மற்றபடி எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று பிள்ளைதான் வரிசையாக எழுத வேண்டும். தரவரிசைப்படி முறை வரும்போது அந்தப் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுப்பார்கள். ஆகவே ஆசைப்பட்டதை மேலே எழுதினால் நஷ்டமே கிடையாது. கிடைக்காது என்று பயந்து அதைக் கீழே எழுதினால்தான் நஷ்டம். பொதுத் தரவரிசையைப் பார்த்துச் சோர்ந்துபோகிறவர்களும் உண்டு. மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீதம், பழங்குடியினருக்கு 1 சதவீதம் என்று ஒதுக்கீடு இருக்கிறது. உங்கள் ஒதுக்கீட்டுப் பிரிவில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல ஆளில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு ரிசல்ட்டுக்கு முன்பே எழுதிப் போடுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கட்டணம் முழுவதையும் அரசே கட்டும். கவுன்சிலிங்கில் கல்லூரிப் பட்டியல் எழுதும் வேலையை பிரவுசிங் சென்டர் தம்பியிடம் விட்டுவிட்டு வெளியே நிற்காதீர்கள். படிப்பில்லை என்று கூச்சப்படவும் வேண்டாம். அந்தப் பட்டியலை லாக் செய்வதற்கு முன் பிள்ளையை ஒவ்வொரு கல்லூரியாக வாசிக்கச் சொல்லி, அந்த ஊருக்கு இங்கிருந்து எத்தனை பஸ் மாற வேண்டும், பெண்கள் ஹாஸ்டல் இருக்கிறதா, இந்தப் பிரிவை நீயாகக் கேட்டாயா, வேறு யாராவது சொன்னார்களா என்று கேளுங்கள்.