வெறுங்கையோடு ஏறி…

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல் மாணவர்)

மேல்நாட்டுக் கதைகளில் இலையுதிர்காலம் என்று படிக்கிறோம். நம் மலைக்காடுகளில் மரங்கள் பெரிதும் இலை கொட்டுவது மாசி, பங்குனியில். ஐப்பசியும் கார்த்திகையும் நமக்குக் கூதிர்காலம். வடகிழக்குப் பருவமழை மலைக்குப் பச்சை பூசிவிட்டு, காற்றில் ஈரத்தை விட்டுச் செல்லும் காலம். ஓடுவதற்கு ஆண்டில் இதைவிட நல்ல பருவம் இல்லை என்பது என் கட்சி.

"ஓடுவதற்கா?" என்று நண்பர்கள் சிரிக்கலாம். பேருந்தைப் பிடிக்க ஓடுகிறோம். விளையாட்டு விழாவில் பரிசுக்கு ஓடுகிறோம். பரிசும் இல்லாமல், பார்ப்பவரும் இல்லாமல், தன்னந்தனியாக மலைப்பாதையில் ஓடி ஏறி, அதே வழியில் ஓடி இறங்குவதில் என்ன இருக்கிறது?

திண்டுக்கல்லை அடுத்த சிறுமலையின் அடிவாரத்தில் எங்கள் ஊர். சிறுமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவுகளோடு தார்ச்சாலை உண்டு. ஆனால் சாலை போகாத தோட்டங்களும் பல உண்டு. அங்கே விளையும் வாழைத்தாரும் எலுமிச்சையும் பலாவும் இன்றும் குதிரையின் முதுகில்தான் வருகின்றன. எங்கள் ஊரிலிருந்து ஏறும் அப்படியொரு குதிரைப் பாதைதான் என் ஓடுகளம். குதிரைகள் தண்ணீர் குடிக்கும் ஓடை வரை 6 கிலோமீட்டர். போக வர 12.

கார்த்திகைக் கடைசியில் ஒரு ஞாயிறன்று ஓடினேன். தனியாகப் போவதற்கு அப்பா மூன்று கட்டளைகள் வைத்திருக்கிறார். வெளிச்சம் வருமுன் ஏறக் கூடாது, காட்டுமாடு நிற்கும். பாறை நனைந்திருந்தால் ஓடக் கூடாது. ஓடைத் தண்ணீர் கலங்கி வந்தால் மேலே மழை என்று பொருள். உடனே திரும்பிவிட வேண்டும். அன்று பாறை உலர்ந்திருந்தது.

பாதி வழியில், எலுமிச்சை பறிக்கக் கூடையோடு போய்க்கொண்டிருந்த ஒரு பாட்டி பதறிப்போய் நின்றுவிட்டார். "என்ன தம்பி, யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். மலையில் ஒருவன் ஓடி வந்தால் சாவுச் செய்தியாகவோ பிரசவச் செய்தியாகவோதான் இருக்க வேண்டும். "சும்மாதான் பாட்டி" என்றேன். அவர் நம்பவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வழி விட்டார்.

இந்தச் 'சும்மா'வுக்கு ஒரு கணக்கு உண்டு. என் எடை 55 கிலோ. ஓடை சுமார் 600 மீட்டர் உயரத்தில். என்னை அங்கே தூக்கிச் சேர்க்க ஏறத்தாழ 3,23,000 ஜூல் வேலை நடக்க வேண்டும். தசைகள் தாம் செலவிடும் ஆற்றலில் கால் பங்கையே வேலையாக மாற்றுகின்றன; மீதி வெப்பமாகப் போய்விடுகிறது. ஆகமொத்தம் ஏறக்குறைய 90 கிராம் அரிசி தரும் ஆற்றல் அந்த ஏற்றத்திற்கே செலவு.

இறக்கம் எளிது என்று எண்ணுவோர் மலையில் இறங்கியதில்லை. இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் தொடைத்தசை நீண்டுகொண்டே உடலின் எடையைப் பிடித்து நிறுத்த வேண்டும். அந்த வேலையில்தான் தசையின் நுண்ணிய இழைகள் அதிகம் சேதமடைகின்றன. வலி அன்று தெரியாது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் தெரியும். "ஏறுறதுக்கு மூச்சு வேணும், இறங்குறதுக்கு முட்டி வேணும்" என்பது அப்பா வாக்கு. அவர் தாவரவியலும் படித்ததில்லை, உடலியலும் படித்ததில்லை. இந்தப் பாதையில் இரண்டு மட்டக்குதிரைகளோடு இருபத்தைந்து ஆண்டுகள் நடந்தவர்.

இறங்கும்போதுதான் ஒன்றை எண்ணிப் பார்த்தேன். குதிரைகள் வெறும் முதுகோடு ஏறுகின்றன, பொதியோடு இறங்குகின்றன. குதிரை வாங்க வசதியில்லாத தாத்தாவும் அப்படித்தான். வெறுங்கையோடு ஏறுவார், தலையில் தாரோடு இறங்குவார். கடினமான பாதியைத்தான் சுமையோடு கடந்திருக்கிறார்கள்.

தாத்தாவுக்கும் ஒரு சிறிய வாழைத் தோட்டம் இருந்தது. 1970களில் இலைகள் குறுகி, உச்சியில் கொத்தாகக் கூடி, தார் தள்ளாமலே வாழைகள் நின்றுவிட்டன. ஊரார் கண்ணேறு என்றார்கள். பழைய கட்டையிலிருந்தே கன்றெடுத்து மறுபடி நட்டார். மறுபடி அதே கதை. தோட்டம் கைமாறியது. சென்ற பருவத்தில் வகுப்பில் முடிக்கொத்து நோய் பாடம் நடந்தது. காரணம் நச்சுயிரி; பரப்புவது அசுவினிப் பூச்சி; நோய்பட்ட கட்டையின் கன்றிலும் நோய் இருக்கும்; வேரோடு அகற்றி, நோயற்ற கன்றை நட வேண்டும் என்று ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். நான்கு வரிகள். அந்த நான்கு வரிகளை அன்று எங்கள் மலைக்கு யாரும் சுமந்து வரவில்லை. சிறுமலை வாழைக்கு இன்று புவிசார் குறியீடு இருக்கிறது. தாத்தாவின் தோட்டம் இல்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நானே முதல்வன். இக்கல்லூரியில் என்னைப் போன்றோர் எத்தனையோ பேர். மேற்படிப்புக்குக் கோவையோ சென்னையோ என்று பேசிக்கொள்கிறோம். "ரொம்பத் தூரமாப் போயிராதடா" என்கிறார் அம்மா. தூரம் போகத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் போய்த் திரும்பும் ஓட்டம் பழகியவனுக்கு ஓடை வந்ததும் பாதி வழிதான் முடிந்திருக்கிறது என்பது தெரியும். ஏற்றத்திலேயே மூச்சு முழுவதையும் செலவழிப்பவன் வீடு வந்து சேர மாட்டான்.

நண்பர்களே, நாம் ஏறிக்கொண்டிருக்கிறோம். நம் கைகள் வெறுமையாக இருப்பது, நம் வீட்டார் சுமந்து முடித்ததால். பட்டம் எடை குறைந்த காகிதம். அதை மட்டும் கொண்டு இறங்கினால் ஊர் நம்மைச் சுமை இறக்கச் சொல்லாது. எங்கள் வாழைக்கு உதவும் அந்த நான்கு வரிகளையாவது நான் கொண்டு இறங்குவேன்.