கட்டுப் போட்ட ராத்திரி

சென்ற மாதம் 22ஆம் தேதி என் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். இடது கண் சர்க்கரையால் ஏற்கெனவே மங்கல். கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பியதும் எனக்கு எல்லாமே இருட்டு. சிந்தாதிரிப்பேட்டை ஸ்டேஷனிலிருந்து கடைசிப் பறக்கும் ரயில் கிளம்பிய சத்தம் கேட்டது. அதற்குப் பிறகும் தூக்கம் வரவில்லை. காலையில் கட்டைப் பிரிக்கும்போது ஒன்றும் தெரியாவிட்டால்?

பயத்தை ஓட்ட ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டேன். 2147483647. பாண்டிச்சேரியில் நான் பிரெஞ்சில் படித்தபோது எங்கள் முசியே கரும்பலகையில் எழுதிக் காட்டிய எண். 31 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் இது வரும். மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1644இல் இதைப் பகா எண் பட்டியலில் சேர்த்தார். பிரெஞ்சில் பகா எண்ணை ‘முதல் எண்’ என்போம். தமிழ்ப் பெயர்தான் பொருத்தம்: எதனாலும் பகுபடாதது.

நிரூபித்தவர் ஆய்லர், 1772இல். முந்தின வருஷம் செய்த புரை ஆபரேஷன் பலிக்காமல், அவருக்குப் பார்வை ஏறக்குறையப் போயிருந்தது. அந்த ராத்திரியில் இது வேறு ஞாபகம் வந்தது!

நேர்வழியில் சோதித்தால் 46,340 வரை உள்ள பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். சுமார் 4,800 வகுத்தல். ஆய்லர் முதலில் யோசித்தார். இந்த எண்ணை வகுக்கும் பகா எண் ஒன்று இருந்தால், அதை 248ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63தான் மீதி வரும் என்று கண்டார். மற்றதெல்லாம் தள்ளுபடி. 372 எண்களுக்குள் வேலை அடங்கிவிட்டது. ‘எந்த ஃபைலைத் தொட வேண்டாம் என்று முதலில் பார்’ என்பார் எங்கள் சூப்பரின்டெண்ட். அதே கதைதான்.

2002இல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் மணீந்திர அகர்வாலும் அவருடைய மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனாவும் இன்னும் மேலே போனார்கள். எந்த எண்ணானாலும் அது பகா எண்ணா என்று சந்தேகமில்லாமல் சொல்லும் முறையைக் கண்டார்கள். எண் எவ்வளவு நீண்டாலும் அதில் வேலை கட்டுக்கடங்காமல் பெருகாது.

எனக்குக் கம்ப்யூட்டர் இல்லை, இருட்டுதான். ஆய்லர் வழியில் முதலில் வரும் பகா எண் 311. மனக்கணக்காக வகுத்தேன். மூன்று தடவை தப்பியது. நாலாம் தடவை ஈவு 69,05,092, மீதி 35.

“பகுபடவில்லை” என்று உரக்கச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

“யாரோட பேசறீங்க?” என்றாள் மனைவி.

“311ஓட.”

“கண்ணுலதானே ஆபரேஷன் பண்ணாங்க?”

பல பழைய கம்ப்யூட்டர்கள் 1970 ஜனவரி 1இலிருந்து விநாடிகளை எண்ணுகின்றன என்றும், அவற்றில் அடங்கும் மிகப் பெரிய எண் இதுதான் என்றும் பேரன் சொல்லியிருக்கிறான். 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிஷம் 7 விநாடிக்கு, நம் நேரப்படி, அந்தக் கணக்கு நிரம்பிவிடும். அன்று எனக்கு 87 வயது. பார்க்க ஆசைதான் என்று நினைத்தபடியே தூங்கிப்போனேன்.

காலையில் கட்டைப் பிரித்தார்கள். முதலில் தெரிந்தது எதிர்ச் சுவர்க் காலண்டர். தேதி 23.

“பகா எண்” என்றேன்.

டாக்டருக்குப் புரியவில்லை. மனைவிக்குப் புரிந்துவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.