87-ஆம் எண் சிறுகோள்

தமிழ் மண்ணிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட சிறுகோள்கள் சில உண்டு. அவற்றில் ஒன்று சில்வியா. வரிசை எண் 87. சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தில், 1866 மே 16 அன்று நார்மன் போக்சன் அதைக் கண்டார். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே உள்ள சிறுகோள் பட்டையின் வெளிப்பகுதியில் அது சுற்றுகிறது. சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய ஆறரை ஆண்டுகள். கண்டுபிடித்த பிறகு 24 சுற்றுகள் முடிந்துவிட்டன.

ஓர் ஒளிப்புள்ளியை ஒரே ஒரு தடவை பார்த்தால் அது விண்மீனா, சிறுகோளா என்று தெரியாது. அடுத்தடுத்த இரவுகளில் இடம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். பல இரவுகள் குறித்துவைத்தால்தான் பாதையைக் கணக்கிட முடியும். பாதியில் விட்டால், கண்டதும் தொலைந்துபோகும்.

எங்கள் குடும்பத்தில் அப்படித் தொலைந்தது தாத்தாவின் ஊர். 1930-களில் நாமக்கல் பக்கமிருந்து கேமரன் மலைக்குத் தேயிலை வேலைக்கு வந்தவர் அவர். ஊரில் இருந்த தம்பிக்கு இடைவிடாமல் கடிதம் போடுவார். அவர் காலத்துக்குப் பின் இரு பக்கமும் எழுத ஆளில்லை. இன்று ஊர்ப்பெயர் மட்டும் மிச்சம். அங்கே போய் யாரை விசாரிப்பது?

இப்போது எங்கள் முறை. அப்பா வேலை ஓய்வு பெற்றுவிட்டார். தோட்டத்து லயத்து வீட்டை ஒப்படைக்க வேண்டும். அக்கா ஈப்போவில், நான் கோலாலம்பூரில், தம்பி ஜொகூரில். பெருநாள் வந்தால் மூவரும் மலையேறி அந்த வீட்டில்தான் கூடுவோம்.

"இனிமே எல்லாரும் எங்கப்பா கூடுவீங்க?" என்று அம்மா கேட்டார்.

சில்வியாவுக்கு நிலையான இடம் கிடையாது. பாதைதான் உண்டு. சுமார் 14 மாதங்களுக்கு ஒருமுறை பூமி அதை நெருங்கிக் கடக்கும்போது தொலைநோக்கியில் நன்றாகத் தெரியும். எப்போது, எங்கே பார்க்க வேண்டும் என்பது தெரிந்ததால்தான், கண்டுபிடித்து 130 ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும் புதிதாகச் சில விஷயங்கள் கிடைத்தன. அதற்கு இரண்டு குட்டி நிலவுகள் இருப்பது 2001-இலும் 2004-இலும் எடுத்த படங்களில் தெரியவந்தது.

வீடு போனாலும் நாள் போகக்கூடாது என்று மூவரும் பேசி முடிவெடுத்தோம். தீபாவளி ஈப்போவில், பொங்கல் என் வீட்டில், பள்ளி விடுமுறை ஜொகூரில். வருடத்துக்கு ஒருமுறை எல்லோரும் கேமரன் மலைக்குப் போய், தாத்தா நட்ட தேயிலையைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.

இந்த மாதக் கடைசியில் சாவியைக் கொடுக்கிறோம். அடுத்த ஆண்டுக் காலண்டரில் அம்மா இப்போதே சிவப்பு மையால் நாட்களை வட்டமிட்டுவிட்டார்.