மைசூர் போரிட்ட கடல்

நார்வேயின் வடக்கே இருக்கும் ஹம்மர்பெஸ்டுக்கு 1789-லேயே நகர அந்தஸ்து கிடைத்துவிட்டது. ஆனாலும் அதன் தெருக்களில் பழைய வீடு என்று ஒன்றைக் காட்ட முடியாது. 1944 இலையுதிர்காலத்தில் பின்வாங்கிய ஜெர்மன் படை மக்களை வெளியேற்றிவிட்டு ஊரைக் கொளுத்தியது. தப்பியது இடுகாட்டை ஒட்டிய சிறிய தேவாலயம் மட்டும். அதன் அருகே புல்லை மேய்ந்தபடி கலைமான் ஒன்று நின்றது. ஆள் நடமாட்டத்தை அது பொருட்படுத்தவே இல்லை.

நான் இவ்வளவு வடக்கே வந்தது ஒரு கப்பலின் தடம் தேடி. இரண்டாம் உலகப் போரில் இந்தக் கடலில் சண்டையிட்ட 'நைஜீரியா' என்ற பிரிட்டிஷ் லைட் க்ரூசர், பின்னாளில் நம் கடற்படையின் ஐ.என்.எஸ். மைசூர் ஆனது. ஆஸ்லோவிலிருந்து உடன் வந்தவர் திருகோணமலைக்காரர். எண்பதுகளில் வந்து, இந்த வடகோடி மாகாணத்தின் மீன் ஆலைகளில் பல வருடம் வேலை பார்த்தவர். அண்ணை என்றுதான் கூப்பிடுவேன்.

காலைக் கப்பலில் ஹோனிங்ஸ்வோக் நோக்கிப் புறப்பட்டோம். கரையோரம் முழுக்க மரமே இல்லாத மொட்டைப் பாறைகள். மேல்தளக் கைப்பிடியைத் தொட்டால் கையுறையைத் தாண்டிக் குளிர் ஏறியது. "இந்தக் குளிரில பீரங்கி எப்பிடி அண்ணை சுட்டிருப்பாங்கள்?" என்று அவர் பாணியிலேயே கேட்டேன். "தம்பி, மீன் வெட்டவே விரல் வராது" என்றார்.

சென்னைக்காரர்களுக்கு லைட் க்ரூசர் என்றால் எம்டன்தான். 1914 செப்டம்பர் 22 இரவு துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய கப்பல். நைஜீரியா அதற்குக் கால் நூற்றாண்டு பிந்தியது, இரண்டு மடங்குக்கும் மேல் எடை கொண்டது. 1930 லண்டன் ஒப்பந்தம் க்ரூசர்களைப் பீரங்கியின் வாயளவால் பிரித்தது, 6.1 அங்குலம் வரை 'லைட்'. 1936-இல் அடுத்த ஒப்பந்தம் எடைக்கு 8,000 டன் என்று உச்சவரம்பு போட்டது. அந்த வரம்பை மனத்தில் வைத்துத்தான், பெரிய க்ரூசர்களில் இருந்த பன்னிரண்டு ஆறங்குலப் பீரங்கிகளையும் 169 மீட்டர் நீள உடலுக்குள் திணித்து நைஜீரியாவை வடிவமைத்தார்கள். ஒவ்வொரு குண்டும் ஓர் அரிசி மூட்டை கனம், ஏறக்குறைய 51 கிலோ. 72,500 குதிரைத்திறன், வேகம் மணிக்கு 31 கடல்மைலுக்கு மேல். 1939 ஜூலையில் நீரில் இறங்கி, அடுத்த ஆண்டு செப்டம்பரில் பணியில் சேர்ந்தது.

1941 கோடை முழுக்க அதற்கு ஆர்க்டிக்தான். ஜூன் மாதம், யான் மாயன் தீவுக்கு அப்பால் 'லவுவன்புர்க்' என்ற ஜெர்மன் வானிலைக் கப்பலை மடக்கிய அணியில் இருந்தது. அதில் சிக்கிய எனிக்மா சங்கேத ஆவணங்கள் போரின் போக்கிலேயே பங்கு வகித்தவை. ஆகஸ்டில் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவின் சுரங்கத் தொழிலாளர்களை வெளியேற்றிய படையெடுப்புக்குக் காவல் போனது. ஜெர்மானியர் கையில் சிக்கக்கூடாது என்று அங்கே குவிந்திருந்த நிலக்கரியை எரித்தார்கள். ஆட்களை அகற்று, மிச்சத்தை எரி என்ற அதே முறையை மூன்று வருடம் கழித்து ஹம்மர்பெஸ்டில் எதிரி கையாண்டான். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அங்கே எரிந்தது பெரும்பாலும் எரிபொருள். இங்கே எரிந்தது குழந்தைகள் பிறந்த வீடுகள்.

ஸ்பிட்ஸ்பெர்கனிலிருந்து திரும்பும் வழியில்தான், செப்டம்பர் 7 அதிகாலை, போர்சாங்கர் ஃபியோர்டின் வாய்ப்புறத்தில் அந்த மோதல். நைஜீரியாவும் 'அரோரா' க்ரூசரும் ஒரு ஜெர்மன் அணியின் மீது பாய்ந்தன. துருப்புகளை ஏற்றிய இரண்டு கப்பல்களுக்குக் காவலாக வந்தது 'பிரெம்சே', பீரங்கிப் பயிற்சிக்கென்று கட்டிய சிறு கப்பல். இரண்டு க்ரூசர்களுக்கு எதிரே அது எம்மாத்திரம்? ஆனாலும் அது மூழ்குவதற்குள் துருப்புக் கப்பல்கள் இரண்டும் ஃபியோர்டுக்குள் புகுந்து தப்பிவிட்டன. பிரெம்சேயின் மாலுமிகளில் பெரும்பாலோர் இறந்தார்கள். எதிரிக் கப்பல்தான், காவல் கப்பலுக்கு இட்ட வேலையை அது முடித்துவிட்டுத்தான் போனது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. நைஜீரியாவின் மூக்கும் பலமாகச் சிதைந்தது.

அடுத்த வருடம் மால்டாவுக்கு உணவும் எண்ணெயும் கொண்டுபோன அணியில், இத்தாலிய நீர்மூழ்கி 'ஆக்சம்' விட்ட டார்பிடோ தாக்கி 52 பேரை இழந்தது. அமெரிக்காவில் பழுதுபார்த்து இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பினார்கள். 1944 ஜூலையில் சுமத்ராவின் சபாங் துறைமுகத்தைத் தாக்கப் போன கீழைக் கடற்படையில் அதுவும் இருந்தது. அந்தப் படைக்குத் தளம் திருகோணமலை.

இதைச் சொன்னதும் அண்ணை நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப எங்கட அப்பா பாத்திருப்பார். ஹாபருக்குள்ள நிண்ட கப்பல் எல்லாத்தையும் சொல்லுவார்." அதன்பிறகு ஹோனிங்ஸ்வோக் வரை கேள்வி கேட்டபடியே வந்தார்.

இந்தியா அதை 1954-இல் வாங்கியது. 1957 ஆகஸ்ட் 29 அன்று, பீரங்கிகள் ஒன்பதாகக் குறைந்து, மைசூர் அரசின் இருதலைப் புள்ளான கண்டபேரண்டத்தைச் சின்னமாகத் தாங்கி, ஐ.என்.எஸ். மைசூர் ஆனது. 1961 டிசம்பரில் கோவா விடுதலையின்போது அஞ்சதீவைப் பிடிக்க 'திரிசூல்' கப்பலோடு போனது. அங்கே நம் வீரர்கள் ஏழு பேர் உயிர்விட்டார்கள். 1971 போரில் மேற்குக் கடற்படை அணியின் தலைமைக் கப்பல் அதுதான்.

லண்டனில் தேம்ஸ் நதியில் 'பெல்ஃபாஸ்ட்' க்ரூசர் மிதக்கும் அருங்காட்சியகமாக நிற்கிறது. 1943 டிசம்பரில் இதே நார்வேக்கு வடக்கே 'ஷார்ன்ஹோர்ஸ்ட்' கப்பலை வீழ்த்திய சண்டையில் பங்கெடுத்த கப்பல் அது. காசு கொடுத்தால் அதன் பீரங்கிக் கோபுரத்துக்குள் இறங்கிப் பார்க்கலாம். மைசூர் 1985 ஆகஸ்டில் ஓய்வுபெற்றுப் பிறகு உடைக்கப்பட்டது. விசாகப்பட்டினம் கடற்கரையில் 'குர்சுரா' நீர்மூழ்கியைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாக வரிசையில் நிற்கிறோம். ஆர்வம் இல்லாத மக்கள் அல்ல நாம். ஆர்க்டிக், மத்தியதரைக் கடல், திருகோணமலை, அஞ்சதீவு எல்லாம் கண்ட ஒரே உடலை நாம் இரும்பு விலைக்குப் போக விட்டிருக்கக் கூடாது.